சால்மன் மீன்பிடி உரிமங்களைக் குறைத்தல்: அலாஸ்கா தரும் பாடம்

நிலத்திற்கு எல்லைக் கல் உண்டு. நீரில் ஓடும் மீனுக்கு எல்லைக் கல் கிடையாது. ஆகவே பொதுநீரில் வலை வீசுவோர் தொகை பெருகும்போது, யாரை நிறுத்துவது, யாரை அனுமதிப்பது என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் இதற்குச் சட்டத்தின் மூலம் விடை காண முயன்றது. பொதுச் சொத்தை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயிகளும் அந்த அனுபவத்தை அறிந்துகொள்வது பயன் தரும்.

சால்மன் மீனின் இயல்பு

சால்மன் குளிர்ந்த நாட்டு மீனாகும். நம் கடலோரத்தில் கிடைக்கும் காலா மீனையும் வியாபாரிகள் சிலர் இந்திய சால்மன் என்பர். அது வேறு இனம். பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, மீண்டும் பிறந்த ஆற்றுக்கே வந்து முட்டையிட்டு மடிகிறது. கோடையில் சில வாரங்களே மீன்கள் கூட்டமாகத் திரும்பும். முட்டையிடப் போதிய மீன் ஆற்றில் ஏறாவிட்டால் பின்வரும் ஆண்டுகளில் மீன் இராது. இது விதை நெல்லைத் தின்பதற்கு ஒப்பாகும்.

சட்டம் வந்த விதம்

1970களின் தொடக்கத்தில் அலாஸ்காவில் சால்மன் வரத்து மிகவும் குறைந்தது, படகுகளோ பெருகிக்கொண்டிருந்தன. ஆனால் யாருக்கும் மீன்பிடியில் தனியுரிமை தரக்கூடாது என்று மாநில அரசியல் சட்டம் கூறியது. எனவே 1972-ல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 1973-ல் வரம்புக்குட்பட்ட நுழைவுச் சட்டம் நிறைவேறியது. அதை நடத்த ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது. 1975-ல் முதல் உரிமங்கள் வழங்கப்பட்டன.

யார் எத்தனை ஆண்டு மீன் பிடித்தார், பிழைப்புக்கு அத்தொழிலை எவ்வளவு நம்பியிருந்தார் என்பதற்கு மதிப்பெண் இட்டு உரிமம் தரப்பட்டது. முக்கிய விதிகள் இவை:

1. உரிமம் தனி மனிதருக்கே உண்டு, கம்பெனிக்கு இல்லை.
2. உரிமம் பெற்றவர் தாமே தொழிலில் இருக்க வேண்டும். குத்தகைக்கு விடக்கூடாது. நோய் போன்ற அவசரத்தில் மட்டும் தற்காலிகமாக மாற்றலாம்.
3. உரிமத்தை விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம்.

மூன்றாவது விதியே பின்னர் பல விளைவுகளுக்குக் காரணமாயிற்று.

உரிமம் மிகுதியானது ஏன்?

1973-ம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மீன்பிடிப்பிலும் 'உகந்த எண்ணிக்கை' காண வேண்டும் என்றது. மீன்வளம் கெடாமலும், மீனவருக்குக் கட்டுபடியாகும் வருமானம் கிடைக்கும்படியும் உள்ள எண்ணிக்கையே அது. உரிமங்கள் அதைவிட மிகுந்தால் விலை கொடுத்துத் திரும்ப வாங்கவும் சட்டத்தில் இடமிருந்தது.

நார்வே, சிலி நாடுகளின் பண்ணை சால்மன் சந்தையில் குவிந்ததும் விலை சரிந்தது. பிரிஸ்டல் வளைகுடாவில் 1988-ல் பவுண்டுக்கு 2 டாலருக்கு மேல் விற்ற சாக்கை சால்மன், 2001-ல் அரை டாலருக்கும் கீழே போயிற்று. ஆற்றில் மீன் இருந்தது. ஆனால் எண்ணெய்ச் செலவுக்குக்கூட வருமானம் போதவில்லை.

குறைப்பதற்கான வழிகள்

ஒன்று, இணைத்தல். 2002-ல் வந்த சட்டம், ஒருவரே ஒரு மீன்பிடிப்பில் இரண்டு சால்மன் உரிமங்களை வைத்திருக்க இடமளித்தது. பிரிஸ்டல் வளைகுடாவில் தனி உரிமத்திற்கு 150 பாகம் செவுள் வலை அனுமதி. இரு உரிமக்காரர்கள் ஒரே படகில் சேர்ந்தால் 200 பாகம் விடலாம் என்று விதி செய்தனர். 300 பாகம் வலை 200 ஆகக் குறைந்தது. ஒரு படகின் செலவும் மிச்சமாயிற்று.

மற்றொன்று, திரும்ப வாங்குதல். தென்கிழக்கு அலாஸ்காவின் சுருக்குமடி வலை மீனவர்கள் இதைக் கையாண்டனர். அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றிக் கடனுக்கு வழி செய்தது. விற்க விரும்பியோர் தத்தம் விலையைக் குறிப்பிட்டனர். பிறகு உரிமக்காரர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது, பெரும்பான்மையோர் ஆதரித்தனர். 2012-ல் 64 உரிமங்கள் சுமார் 1 கோடியே 31 லட்சம் டாலருக்கு வாங்கி நீக்கப்பட்டன. 379 உரிமங்கள் 315 ஆயின. எஞ்சியவர்கள் தம் மீன் விலையிலிருந்து ஒரு பங்கைக் கட்டணமாகச் செலுத்தி, 40 ஆண்டுகளில் அக்கடனை அடைக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தால்

ஒரு உரிமத்திற்குச் சராசரி 2 லட்சத்து 5 ஆயிரம் டாலர் ஆகிறது. 379 பேர் பகிர்ந்த அதே மீனை 315 பேர் பகிர்ந்தால், 100 டாலர் பெற்றவருக்கு 120 டாலர் வரும். நூற்றுக்கு 3 வீதம் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் 116 டாலர் மிஞ்சும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. நீக்கப்பட்டவை உண்மையில் வலை வீசிய உரிமங்களாக இருந்தால்தான் இந்த ஆதாயம். பெட்டியில் தூங்கிய உரிமத்தை வாங்கினால் இன்றைய பங்கு உயராது. விலை ஏறும் காலத்தில் அது மீண்டும் தண்ணீரில் இறங்குவதை மட்டுமே தடுக்கலாம்.

இழந்தவர் யார்?

இலவசமாகக் கிடைத்த உரிமம் விலையுள்ள சொத்தாயிற்று. விளைச்சல் கெட்ட ஆண்டில் ஆற்றங்கரைப் பழங்குடி மக்கள் பலர் கடனுக்கும் வீட்டுச் செலவுக்குமாக அதை விற்றனர். பணமுள்ள வெளியூரார் வாங்கினர். சிலர் உரிமத்தோடு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பிரிஸ்டல் வளைகுடாப் பகுதி ஊர்களில் இருந்த உரிமங்களில் ஏறத்தாழ பாதி இவ்வாறு கைவிட்டுப் போயின. வாசலிலே மீன் ஓடுகிறது; வலை வீச உரிமை இல்லை. அந்த ஊர் இளைஞர் தொழிலில் இறங்க வேண்டுமானால் முதலில் பெருங்கடன் வாங்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்கக் குறைக்க எஞ்சிய உரிமத்தின் விலை ஏறுவதும் இயல்பே.

அளவு நிலையானதல்ல

விலை வீழ்ந்த காலத்தில், பிரிஸ்டல் வளைகுடாவில் உரிமங்கள் உகந்த அளவை மீறிவிட்டன என்று ஆணையம் கண்டது. ஆயினும் அங்கு உரிமங்கள் திரும்ப வாங்கப்படவில்லை. 2022-ல் அங்கு 7 கோடிக்கும் மேற்பட்ட சாக்கை மீன்கள் வந்தன. மீனும் விலையும் மாறினால் உகந்த எண்ணிக்கையும் மாறும். தேவைக்கு மேல் கதவை அடைக்கக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றமும் 1988-ல் சுட்டிக்காட்டியது.

கற்க வேண்டியவை

1. மீன்வளம் காக்கப்படுவது முட்டையிடும் மீனை ஆற்றில் ஏற விடுவதால்; உரிமக் குறைப்பு முக்கியமாக மீனவர் வருமானத்தையே காக்கிறது. இரண்டையும் குழப்பலாகாது.
2. நீங்குபவருக்கு நியாய விலையும், தங்குபவருக்கு வாக்குரிமையும் வேண்டும்.
3. பொது உரிமையை விற்பனைப் பொருளாக்கும்போது, உள்ளூர் ஏழையின் பங்கை முன்கூட்டியே பாதுகாக்க வேண்டும். விற்றபின் மீட்பது கடினம்.

ஏரித் தண்ணீரானாலும் மேய்ச்சல் நிலமானாலும், பொதுவானதைப் பங்கிடும் பேச்சு எழும் இடத்தில் இம்மூன்றையும் நினைவில் கொள்வது நல்லது.