பழைய காடிக்குப் புதிய மூளை

சுங்கை பூலோவில் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் நடக்கும் எங்கள் ஞாயிறு வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, ஒரு போர்டு வாங்கி மாட்டினா எங்கப்பா காடி புதுசு மாதிரி ஓடுமாமே. எவ்ளோ ஆவும்?" காசை அப்புறம் பேசலாம், முதலில் அந்த போர்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் பழைய சாகாவோ இஸ்வாராவோ வைத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாடம்.

நான் கை வைத்தது அப்பாவின் 1986 சாகா. புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காடியை அடிப்படையாகக் கொண்டது. 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, கார்ப்பரேட்டர். எங்கள் காடி காலையில் மூன்று நான்கு முறை சாவி திருப்பினால்தான் எழும். சிவப்பு விளக்கில் நின்றால் உதறும். "கார்ப்பரேட்டர் போச்சு, எறிஞ்சிட்டு ஊசி போடு" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

கார்ப்பரேட்டரை முட்டாள் சாமான் என்று நினைக்காதீர்கள். குறுகலான கழுத்து வழியாகக் காற்று போகும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு எண்ணெயை உறிஞ்சி இழுக்கிறது. ஒரு கிராம் எண்ணெய் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒயரே இல்லாமல் அந்தக் கணக்கை ஓரளவுக்குப் போடுகிற சாமான் அது. ஆனால் சூடு, குளிர், ஏற்றம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஓட்டைகளை வைத்துச் சமாளிக்க வேண்டும். ஊசி முறையில் இதே கணக்கை ஒரு சின்னக் கணினி போடுகிறது. வேறு மந்திரம் எதுவும் இல்லை.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். 1.3 லிட்டரை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 325 சி.சி. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.16 கிராம். எண்ணெய் மிதியை முழுக்க அழுத்தினாலும் சிலிண்டர் முழுதாக நிரம்பாது. எண்பது விழுக்காடு என்று வையுங்கள், 0.3 கிராம் காற்று. 14.7ஆல் வகுத்தால் 0.02 கிராம் எண்ணெய், அதாவது சுமார் 0.028 சி.சி. நிமிடத்துக்கு 200 சி.சி. விடும் இன்ஜெக்டர் என்றால் அது ஏறக்குறைய 8 மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும். 6000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லி விநாடி கிடைக்கும். ஆகவே போதும். இன்ஜெக்டர் திறக்கவே சுமார் 1 மில்லி விநாடி வீணாகிறது. பேட்டரி இறங்கினால் இன்னும் கூடும். அந்த நேரத்தையும் கணினி சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காலையில் காடி எழாது.

கணினிக்குக் காற்றின் அளவு எப்படித் தெரியும்? மேனிஃபோல்டின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது, காற்றின் சூட்டை இன்னொன்று அளக்கிறது. நான்காம் படிவத்தில் படித்த வாயு விதிதான். இது புதுச் சங்கதியும் இல்லை. 1967இல் போஷ் நிறுவனம் இதே முறையில் டி-ஜெட்ரோனிக் என்ற ஊசி முறையை வோல்க்ஸ்வேகன் 1600இல் வைத்தது. அன்று பெரிய கம்பெனி செய்ததைப் பிறகு கராஜில் செய்ய வழி விட்டது அமெரிக்காவின் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ இருவரும் உருவாக்கிய மெகாஸ்குவர்ட். அடுத்து ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ வந்தது. அதன் நிரலை யாரும் திறந்து படிக்கலாம். வகுப்பில் நாங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

இனி நெருப்பு. என் கணக்கில் எண்ணெயைவிட இதுதான் முக்கியம். 3000 சுற்றில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 18 பாகை திரும்பிவிடுகிறது. 800 சுற்றில் ஐந்து பாகைகூட இல்லை. ஆனால் சிலிண்டருக்குள் தீ பரவ நேரம் எடுக்கும். அதனால் வேகம் கூடக் கூட பிளக் முன்கூட்டியே வெடிக்க வேண்டும். பழைய டிஸ்ட்ரிப்யூட்டரில் இதைச் செய்வது இரண்டு சின்ன எடைகளும் ஸ்பிரிங்கும், வெக்கூமில் இழுபடும் ஒரு ரப்பர் சவ்வும். முப்பது வருசத்தில் ஸ்பிரிங் தளரும், சவ்வு கிழியும். யாரும் திறந்து பார்ப்பதில்லை, கார்ப்பரேட்டரைத்தான் திட்டுவார்கள்.

நானும் அப்படித்தான். போர்டு, இன்ஜெக்டர் எல்லாம் வாங்கி முடித்த பிறகு டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றினேன். சவ்வு கிழிந்திருந்தது. வெக்கூம் ஹோஸ் ஒன்றும் வெடித்து அதன் வழியாகக் காற்று புகுந்துகொண்டிருந்தது. பதினைந்து வெள்ளிகூட ஆகாத ஹோஸ். அதை மாற்றியதும் பாதி உதறல் போய்விட்டது! அதனால் எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம்: கம்ப்ரெஷன் அளக்காமல், வெக்கூம் ஹோஸ் பார்க்காமல் ஸ்பேனரைப் புது சாமான் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கம்ப்ரெஷன் போன எஞ்சினுக்கு எந்தக் கணினியும் மருந்தில்லை.

அடுத்து, முதலில் நெருப்பை மட்டும் கணினிக்கு மாற்றுங்கள், கார்ப்பரேட்டர் அப்படியே இருக்கட்டும். கிராங்க் புல்லியில் 36 பல் வைக்க இடமுள்ள சக்கரத்தில் ஒரு பல்லை விட்டுவிட்டு மாட்டுகிறோம். பல்லுக்குப் பத்து பாகை. காலி இடம் வரும்போது கிராங்க் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியும். திரையில் பத்து பாகை என்று எழுதியிருந்தால் டைமிங் லைட்டில் புல்லியிலும் பத்துதான் தெரிய வேண்டும். இதைச் சரிபார்க்காமல் ஓட்டி, எஞ்சின் தட்டத் தட்ட ஓட்டினால் பிஸ்டன் உருகும்.

கடைசியில்தான் எண்ணெய். பழைய வீரா காடியின் ஊசி மேனிஃபோல்டை ஹாஃப்கட் கடையில் வாங்கி மாட்டலாமே என்று பலரும் கேட்கிறார்கள். 12 வால்வு எஞ்சினுக்கு யோசிக்கலாம். எங்களுடையது எட்டு வால்வு, துளைகள் வேறு. ஆகவே பழைய மேனிஃபோல்டிலேயே துளை போட்டு இன்ஜெக்டர் உட்காரும் குழாயை அலுமினியம் வெல்டிங் செய்யக் கொடுத்தேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். கார்ப்பரேட்டருக்குப் போகும் எண்ணெயின் அழுத்தம் கால் பார் அளவுதான். ஊசிக்கு மூன்று பார், பத்து மடங்குக்கும் மேல். கடையில் "எண்ணெய் ஹோஸ்" என்று கேட்டேன், கொடுத்தார்கள், மாட்டினேன். ஹோஸின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று நான் படிக்கவில்லை. காடியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டிருந்தேன். கிளாம்ப் ஓரத்தில் ஹோஸ் பிளந்து எண்ணெய் பனிபோல் சூடான எஞ்சின் மேல் அடித்தது. "அண்ணே வாடை!" என்று கத்திய தம்பிதான் பம்ப் ஃபியூஸையும் பிடுங்கினான். தீப்பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தது ஒரு வாளித் தண்ணீர் மட்டும். எண்ணெய்த் தீயில் அதை ஊற்றியிருந்தால் தீ இன்னும் பரவியிருக்கும். அன்று இரவு அப்பா என்னைத் திட்டவில்லை. பேசவே இல்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊசி அழுத்தத்துக்கு என்றே எழுதியிருக்கும் ஹோஸ்தான், அதற்கென்றே உள்ள கிளாம்ப்தான். பவுடர் தீயணைப்பான் இல்லாமல் சாவி திருப்புவதில்லை. கிராங்க் சுற்றாவிட்டால் கணினியே பம்பை நிறுத்திவிட வேண்டும். அந்த ரிலேயை நேராக பேட்டரியில் கொடுத்து "சும்மா டெஸ்டுக்கு" என்று விடாதீர்கள். ஆயுத பூசைக்குக் காடியைக் கழுவிச் சந்தனம் வைக்கும் நாளில் ஹோஸ்களை ஒரு முறை விரலால் தடவிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டோம். வருசத்துக்கு ஒரு நாளாவது பானெட் திறக்கிறதே!

எஞ்சினில் மாற்றம் செய்வதற்கு முன்பு ஜே.பி.ஜே.யிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேளுங்கள். வேலையை முடித்துவிட்டுக் கேட்டால் வருத்தப்படுவீர்கள்.

எண்ணெய்க் கணக்கைச் சீர்படுத்துவது பல நாள் வேலை. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் வைத்து, கலவை கூடுதலா குறைவா என்று பார்த்து அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாகத் திருத்த வேண்டும். சாதாரண சென்சார் 0.45 வோல்ட்டைச் சுற்றி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும். மிதியை முழுக்க அழுத்தும் கட்டங்களைத் திருத்த வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் முடியாது. எங்கள் வகுப்பில் ஒன்றுதான் இருக்கிறது, முறை வைத்து எடுத்துக்கொள்ளலாம். ரோட்டில் ஓட்டிப் பார்க்கும்போது லேப்டாப் பக்கத்து சீட்டில் இருப்பவர் மடியில்தான். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. காசு கேட்ட அந்தத் தம்பி இப்போது அந்தப் பக்கத்து சீட்டில் உட்காருகிறான். அவன் அப்பா காடிக்கு இன்னும் போர்டு வாங்கவில்லை. போன ஞாயிறு கம்ப்ரெஷன் அளந்தோம், மூன்றாவது சிலிண்டர் குறைவாகக் காட்டுகிறது. வால்வா ரிங்கா என்று அடுத்த வாரம் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கப் போகிறோம்.