பச்சிளங் குழந்தையும் ஒவ்வாமையும்



“கத்தரிக்காய் எனக்கு ஆகாது”, “கருவாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது” என்ற பேச்சை நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கிறோம். ஒவ்வாமை என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. ஆனால் “எனக்கு ஆகாது” என்று சொல்ல வாயில்லாத சிசுவுக்கு ஒரு பண்டம் ஆகாமற் போனால் அதை யார் அறிவது? எவ்வாறு அறிவது? நான் பட்டறிந்ததையும் பின்னர் படித்தறிந்ததையும் உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், கோயிற் குளத்திற்குச் சற்றுத் தள்ளி, ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியறையில். கீழே வீட்டுக்கார மாமி, வேலைக்குப் போகும் தாய்மார் மூவரின் குழந்தைகளைக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை பார்த்துக்கொள்கிறார். பெயர்ப்பலகை மாட்டிய காப்பகம் அன்று அது. கூடத்தில் பாய் விரித்து, இரண்டு தொட்டில் கட்டிய வீடு, அவ்வளவே. காரியவட்டத்தில் வகுப்பில்லாத நாட்களில் நானும் ஒத்தாசை செய்வதுண்டு.

சென்ற ஆண்டு ஒருநாள், ஒன்பது மாதப் பையன் ஒருவனுக்கு மாமி முதன்முறையாகப் பசும்பாலில் கரைத்த கஞ்சியைப் புகட்டினார். பத்து நிமிடத்திற்குள் அவன் வாயைச் சுற்றிச் சிவந்தது. பிறகு வயிற்றில் திட்டுத் திட்டாகத் தடித்தது. காதையும் கண்ணையும் கசக்கினான். “வேர்க்குருதான்” என்றார் மாமி. “தேங்காய் எண்ணெய் தடவலாம் மாமி” என்றேன் நான். தடவிக்கொண்டிருக்கும்போதே இருமுறை வாந்தி எடுத்து, துணிபோலத் துவண்டு மாமியின் தோளில் சாய்ந்தான். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு ஓடினோம். தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் நிறம் திரும்பிற்று. இரவுவரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

அன்று மருத்துவர் எங்களை நான்கு கேள்விகள் கேட்டார்: என்ன உண்டான்? எவ்வளவு? எத்தனை நிமிடம் கழித்து? முதலில் தோன்றியது எது? மாமியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அன்று காலை உரைமருந்தும் கொடுத்திருந்தோம், புதிதாக ஏத்தங்காய்ப் பொடியும் கலந்திருந்தோம். எது குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை. அலுவலகத்திலிருந்து ஓடிவந்த தாய் அழுதுகொண்டே சொன்னார்: “போன வாரம் ஐஸ்கிரீமை நாக்கில் தொட்டு வைத்தேன், உதட்டோரம் சிவந்தது. உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன் மாமி.”

இதில் யாரைக் குறை சொல்வது? சற்று எண்ணிப் பாருங்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் முதல் நம் நாட்டில் மகப்பேற்று விடுப்பு, முதலிரு குழந்தைகளுக்கு, 26 வாரம். அதாவது ஏறத்தாழ ஆறு மாதம். தாய்ப்பால் அல்லாத உணவு தொடங்கவேண்டிய காலமும் ஆறு மாதந்தான். கேரளத்தில் சோறூட்டும் சடங்கும் பெரும்பாலும் அப்போதே நடக்கிறது. ஆகவே தாய் வேலைக்குத் திரும்புவதும் குழந்தை புதுப்புது உணவைச் சுவைக்கத் தொடங்குவதும் ஒரே வேளையில் நிகழ்கின்றன. ஒவ்வாமை முதலில் வெளிப்படும் இடம் தாய்மடியாக இல்லாமல் பார்த்துக்கொள்பவர் வீடாக இருப்பதற்கு இதுவே காரணம். முதற்சாட்சி அவர்தாம். அந்தச் சாட்சிக்குக் கண்ணும் வேண்டும், குறிப்பும் வேண்டும்.

இனி, ஒவ்வாமை என்பது யாது? 1906ஆம் ஆண்டில் வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஃபான் பிர்க்கே ‘அலர்ஜி’ என்னும் சொல்லைப் படைத்தார். குதிரைச் சீரம் ஊசி போட்ட குழந்தைகள் சிலர், இரண்டாம் முறை போட்டபோது முன்னிலும் விரைவாகத் துன்புறுவதை அவர் கண்டிருந்தார். முதல் தொடர்பில் உடல் பழகிக்கொள்கிறது, மறுதொடர்பில் சீறுகிறது. 1960களின் நடுவில், அமெரிக்காவில் இஷிஸாகா தம்பதியரும் சுவீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் இதற்குக் காரணமான எதிர்ப்பொருளைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். தீங்கற்ற பாலையோ முட்டையையோ பகையென்று கருதி அந்த எதிர்ப்பொருள் அணுக்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. தடிப்பும் வீக்கமும் அதனால் எழுவன. “முதல்தடவை ஒன்றும் ஆகவில்லையே” என்பது உறுதிமொழி ஆகாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

குழந்தையிடம் காணவேண்டிய குறிகளை இரு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, உண்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் தோன்றுவது. தடிப்பு (ஊர்ப்பக்கம் காணாக்கடி என்பார்கள்), உதடு அல்லது இமை வீங்குதல், திரும்பத் திரும்ப வாந்தி, இருமல், மூச்சில் இரைச்சல், அழுகுரல் கம்முதல், முகம் வெளிறுதல், திடீரெனத் துவளுதல் ஆகியன இதில் அடங்கும். சொல்லத் தெரியாத குழந்தை நாக்கை வெளியே தள்ளும், காதைப் பிடித்து இழுக்கும், காரணமின்றி ஒட்டிக்கொண்டு அழும்.

இரண்டாம் வகை, மெல்ல வருவது. மலத்தில் இரத்தமோ சளியோ காணல், கரப்பான் மிகுதல் ஆகியன நாட்கணக்கிலும் தெரியலாம். சில குழந்தைகள் உண்ட ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்துக் கடுமையாக வாந்தி எடுத்து வெளிறிப்போகும். இது மதிய உறக்கத்தின் நடுவே வருமாதலால் காலை உணவை யாரும் நினைப்பதில்லை.

வேர்க்குருவுக்கும் காணாக்கடிக்கும் வேறுபாடு உண்டு. வேர்க்குரு கழுத்து மடிப்பிலும் துணி மூடிய இடத்திலும் பொடிப்பொடியாக நாட்கணக்கில் நிற்கும். காணாக்கடியோ பெரிய திட்டாக எழும்பி, ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும். ஒரு திட்டு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். எச்சில் பட்ட சிவப்பு மோவாயோடு நின்றுவிடும்.

குறி கண்டால் செய்யவேண்டுவன இவை. ஊட்டுவதை நிறுத்துக. வாயையும் கையையும் துடைத்துக் கழுவுக. விரல்விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கைப்பேசியில் படம் எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்க. தாய்க்குச் சொல்லுக. மூச்சுத் திணறினாலும், துவண்டாலும், தோலில் தடிப்போடு விடாத வாந்தியோ இருமலோ சேர்ந்தாலும் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். அப்போது குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போடாமல் படுத்தவாக்கில் கையில் ஏந்துக. நாங்கள் அன்று செய்தது தவறு. இந்நிலைக்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். வீட்டிலிருக்கும் அரிப்பு மருந்து அதற்கு ஈடாகாது. அடங்கியது போலத் தோன்றிச் சில மணி நேரத்தில் மீண்டும் வரக்கூடுமாதலால் மருத்துவமனையில் இருத்திப் பார்ப்பார்கள்.

இங்கே கட்டுரையை முடித்தால் பாதி உண்மையே சொன்னவனாவேன். அந்த நிகழ்ச்சிக்குப் பின் மாமிக்கு எதைக் கண்டாலும் அச்சம். ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் மோவாய் சிவந்தது. அதன் தாயும் மாமியும் கூடிப்பேசி, பருப்பு, கோதுமை, தயிர் யாவற்றையும் நிறுத்தி மூன்று வாரம் வெறும் அரிசிக் கஞ்சி கொடுத்தார்கள். குழந்தை எடை குறைந்தது. பல் முளைக்கும் காலத்து எச்சிற் புண் என்று சொன்ன மருத்துவர், “பட்டினிதான் இந்தக் குழந்தைக்கு நோய்” என்று கடிந்துகொண்டார். காணாமல் விடுவது ஒரு பிழை. இல்லாததைக் கண்டு உணவைப் பறிப்பது மற்றொரு பிழை.

அறிஞர்களும் இந்த இரண்டாம் பிழையில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், ஒவ்வாமைக்கு இடமுள்ள குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயதுவரையும் நிலக்கடலையை மூன்று வயதுவரையும் தள்ளிப்போடச் சொன்னது. 2008இல் அவ்வறிவுரையைக் கைவிட்டது. 2015இல் இலண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வில், கடுங் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளில் ஒரு சாராருக்கு நிலக்கடலை கொடுத்தும் மறு சாராருக்கு விலக்கியும் பார்த்தார்கள். ஐந்து வயதில், விலக்கியவர்களில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கும் உண்டவர்களில் சுமார் 3 பேருக்கும் மட்டுமே கடலை ஒவ்வாமை இருந்தது. ஆகையால் காரணமின்றித் தள்ளிப்போடுவதும் காப்பன்று. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நன்று. கடலையை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். மாவாக்கியோ விழுதாக்கியோ கூழில் கரைத்தே கொடுக்கவேண்டும்.

இப்போது ஸ்ரீவராகத்து வீட்டில் தொட்டிலருகே ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. நேரம், உணவு, அளவு, கண்டது என நான்கு கட்டம். புதிய உணவை முதலில் தாய் வீட்டில், விடுமுறை நாட் காலையில் கொடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றே. காலையில் குழந்தையை விடும்போது தாய் எழுதுகிறார். மாலையில் மாமி எழுதுகிறார். தாய்மாருக்கு முதலில் இது சலிப்பாக இருந்தது. இப்போது அவர்களே கேட்டு வாங்கி எழுதுகிறார்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. சோதித்துப் பார்த்துப் பால் ஒவ்வாமை என்று உறுதி செய்திருக்கிறார்கள். “ஆட்டுப்பால் கொடுக்கலாமா?” என்று மாமி கேட்டார்; பசும்பால் ஆகாத குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு அதுவும் ஆகாது என்று மருத்துவர் தடுத்தார். வளர வளரப் பலருக்கு இது நீங்கிவிடும் என்றும், அவர் முன்னிலையில் பின்னொரு நாள் சிறிது கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். மாமி அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார்.

நண்பர்களே! உங்கள் அக்காள் குழந்தையோ, விடுதிக்கு அருகிலுள்ள வீட்டுக் குழந்தையோ இன்று யாரோ ஒருவர் மடியில் வளர்ந்துகொண்டிருக்கும். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். நான்கு கட்டம் கோடு போட்டு, அந்தத் தொட்டிலருகே மாட்டிவிட்டு வாருங்கள்.