அணைத்தும் அணையாத எஞ்சின்

ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல், தேர்வுக்கு மட்டுமே என்றெண்ணியிருந்தேன். வீட்டுக் கொட்டகையில் சிறுவிமானம் கட்டிப் பறக்கும் அமெரிக்கர்களைப் பற்றிப் படித்தபின் என் எண்ணம் மாறியது.

அவ்விமான எஞ்சின்கள் பலவற்றில், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். அவற்றுக்கு இரண்டு மாக்னெட்டோக்கள். மாக்னெட்டோவுக்குப் பாட்டரி வேண்டாம். எஞ்சின் சுழல, உள்ளிருக்கும் காந்தமும் சுழன்று மின்சாரம் தரும்.

பறக்குமுன் விமானி, ஒவ்வொரு மாக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பார். எஞ்சின் வேகம் சற்றே குறையவேண்டும். மிகவும் குறைந்தால், பிளக்கில் கரி படிந்திருக்கலாம். குறையவே இல்லையென்றால்? நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். அங்குதான் ஆபத்து!

வீட்டுச் சுவிட்சு, சுற்றைத் துண்டித்து விளக்கை அணைக்கிறது. மாக்னெட்டோவின் சுவிட்சோ, ஒரு கம்பியை எஞ்சின் உடலோடு இணைத்து அணைக்கிறது. அக்கம்பி அறுந்தால், சாவியை எடுத்தபின்னும் மாக்னெட்டோ அணையாது. விசிறியைக் கையால் திருப்புபவரின் உயிருக்கே கேடு.

இன்று பலர் மின்னணுப் பற்றவைப்புக்கு மாறுகின்றனர், எரிபொருள் மிச்சமாகும். ஆனால் அவற்றுட் பல பாட்டரியை நம்பியவை. ஆதலால் ஒரு மாக்னெட்டோவை விட்டுவைப்போரும் உண்டு.

நண்பர்களே! ஆய்வகத்தில் மின்சுற்று வரையும்போதெல்லாம், 'இக்கம்பி அறுந்தால் என்னாகும்?' என்று கேட்டுப் பழகுவோமாக!