குதிரைக்கும் இடமுண்டா?

நம் நகரில் பத்மநாபசுவாமி கோயிலை அடுத்துள்ள குதிரை மாளிகையை நண்பர்கள் பலர் கண்டிருப்பர். சுவாதித் திருநாள் மன்னர் கட்டுவித்த அம்மாளிகையின் இறவாரத்தில் உள்ள 122 மரக்குதிரைகளுக்கு நீரும் வேண்டா, புல்லும் வேண்டா. உயிருள்ள குதிரையோ நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை நீர் பருகும். ஆகவே, குதிரையேறிப் பயணம் செய்வோர் தங்குமிடம் தேடுங்கால் நான்கினைப் பார்த்தல் வேண்டும்: நல்ல நீர், தீனி, நிழல், சேறில்லாத கட்டுமிடம்.

இவ்வறிவு நம் நாட்டுக்குப் புதிதன்று. கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே அசோகர், மனிதர்க்கும் விலங்குகட்கும் பயன்பட வழிகளில் கிணறு தோண்டி மரம் நட்ட செய்தியைத் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் பொறித்தார். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் பெயர்களும் அதில் உள்ளன.

13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ கூறுவதோ வேறு. பெரும்பொருள் கொடுத்துக் கடல்வழியே வாங்கிய குதிரைகள், பேணத் தெரிந்தவர் இன்மையால் மாண்டன என்கிறார். வாங்கப் பொன் இருந்தது; காக்கும் அறிவு இல்லை.

எனவே நண்பர்களே, “அறை உண்டா?” என்று கேட்குமுன் “தொட்டியில் நீர் உண்டா?” என்று கேளுங்கள். சுமந்து வந்த உயிருக்கு இடந்தராத விடுதி, ஏறி வந்தவனுக்கும் ஏற்ற இடமன்று.