கார்ட்டூன் வரைய வருகிறவர்களுக்கு ஆர்.கே. லக்ஷ்மண்

ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று தூரிகையைப் பரணில் போட்டுவிட்டீர்களா? ஆர்.கே. லக்ஷ்மணுக்கும் இடம் கிடைக்கவில்லை. எங்களிடம் படிக்கும் அளவுக்குத் திறமை இல்லை என்று பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளி அவரை நிராகரித்துவிட்டது. அவர் மைசூரில் பி.ஏ. படித்தார். படிக்கும்போதே, அண்ணன் ஆர்.கே. நாராயண் 'இந்து'வில் எழுதிய கதைகளுக்குப் படம் போட்டார். நீங்களும் அச்சில் ஏறும் வேலையைத் தேடிக்கொள்ளுங்கள். பள்ளி ஆண்டு மலர், சிற்றிதழ், கடை விளம்பரம் எதுவானாலும் சரி. விளம்பரத்துக்கு வரைவது மட்டம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஏஷியன் பெயின்ட்ஸ் டப்பாவில் பிரஷ்ஷும் கையுமாக நின்ற 'கட்டு' பையன் 1954இல் லக்ஷ்மண் வரைந்தவன்தான்.

வேலை கிடைத்த பிறகு உங்களை வாட்டப்போவது நேரம். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் தொடக்கத்தில், மக்களைக் காட்ட வேண்டுமென்றால் வங்காளி, பஞ்சாபி, தமிழர், மராட்டியர் என்று ஒரு கூட்டத்தையே வரைந்தார் லக்ஷ்மண். படமோ உரிய நேரத்தில் அச்சுக்குப் போயாக வேண்டும். அத்தனை முகங்களுக்கு அவகாசம் ஏது? நாளாக ஆகக் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியவர் ஒரே ஒருவர். கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, வட்டக் கண்ணாடி, பிரஷ் மாதிரி மீசை, வழுக்கைத் தலையின் பின்னால் சிலிர்த்து நிற்கும் நாலு முடி. 1951இல் தொடங்கிய 'யூ செட் இட்' கார்ட்டூன் கட்டத்துக்குள் அந்தச் சாமானியர் ஐம்பதாண்டுக்கு மேல் வாய் திறக்காமல் நின்றார். மந்திரி பேசினார், அதிகாரி பேசினார், சாமானியரின் மனைவியும் பேசினார். அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் எந்த மாநிலத்து வாசகரும் அந்தக் கோட்டுக்குள் தம்மை வைத்துப் பார்க்க முடிந்தது. நேரம் நெருக்கும்போது கோடுகளைக் கூட்டாதீர்கள். எதை எடுத்தாலும் படம் தாங்கும் என்று பாருங்கள்.

கணினியில் வரைகிறவர்கள் பலருக்கு இன்று குறைவாக இருப்பது பார்க்கிற பழக்கம் என்பது என் எண்ணம். லக்ஷ்மணுக்குச் சின்ன வயதிலிருந்தே காக்கை மீது தீராத காதல். நாம் விரட்டிவிடும் அந்தப் பறவையை அழகு என்றார், புத்திசாலி என்றார், வாழ்நாள் முழுக்க வரைந்துகொண்டே இருந்தார். மந்திரியின் தொந்தியையும் குமாஸ்தாவின் கூனையும் நாலே கோட்டில் பிடித்த கை, இப்படித் தினமும் பார்த்துப் பார்த்துப் பழகிய கைதான்.

2003இல் பக்கவாதம் உடலின் இடப் பக்கத்தை முடக்கியது. அதன் பிறகும் வரைந்தார். 2015 ஜனவரி 26, குடியரசு நாளன்று புணேயில் காலமானபோது அவருக்கு வயது 93.

நாளைக் காலை உங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரிலும் ஒரு காக்கை வந்து உட்காரும். விரட்டாதீர்கள். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.