நானோத் துறைக்குப் பதுளையிலிருந்து ஒரு பாதை

நானோ என்ற பெயரில் வேலை விளம்பரம் தேடினால் அதிகம் கிடைக்காது. உர ஆய்வுகூடம், இறப்பர் உற்பத்தி, துணிக்கான பூச்சு, மருந்தின் தரப் பரிசோதனை என்று அந்த வேலைகளுக்கு வேறு பெயர்கள். சிலின்டெக் எனப்படும் இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனம் 2008இல் உருவானபோது அரசோடு கைகோத்த கம்பனிகளைப் பாருங்கள்: ஹேலீஸ், எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ், லோட்ஸ்டார், டயலொக். தேவை எங்கே என்று புரியும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தது மண். யூரியா போட்ட கையோடு பெருமழை பிடித்தால் உரம் ஓடையோடு போய்விடும் என்று பசறையில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த நட்டத்தைத்தான் பேராசிரியர் நில்வலா கோட்டேகொடவின் குழு கையிலெடுத்தது. எலும்பில் இருக்கும் கனிமமான ஹைட்ரொக்சிஅபடைட்டை நானோ எனப்படும் மிக நுண்ணிய துகளாக்கி, யூரியாவை அதோடு பிணைத்து, நம் மலைகளில் நிழலுக்கு நிற்கும் கிளிரிசிடியா மரத்துண்டுக்குள் அழுத்திப் புகுத்தினார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், அறுபதாம் நாளிலும் நைதரசன் கசிந்துகொண்டிருந்தது. 2017இல் இன்னொரு ஆய்வு, யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல் விளைச்சல் குறையவில்லை என்று காட்டியது.

எல்லா நானோ உரமும் இப்படித்தான் என்று நம்பிவிடாதீர்கள். 2021 ஒக்டோபரில், இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்திருந்த வேளையில், இந்தியாவிலிருந்து நானோ யூரியா விமானத்தில் வந்திறங்கியது. அதன் பலன் குறித்து விஞ்ஞானிகளிடையே வாதம் ஓயவில்லை. தேயிலை மலையில் நின்று அளந்து சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆளாக வர, சாதாரண தரம் முடித்ததும் விஞ்ஞானப் பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரசாயனவியலை விடவே கூடாது. தமிழில் உயர்தர விஞ்ஞானம் பக்கத்தில் இல்லாததால் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் கலைப்பிரிவுக்குத் தள்ளப்படுகிறார்கள். பெற்றோரே, உறவினர் வீட்டில் தங்கவைத்தாவது பதுளைக்கோ பண்டாரவளைக்கோ அனுப்புங்கள். பதுளையும் மொணராகலையும் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் அடங்கும். பல்கலைக்கழக இடங்களில் 5 சதவீதம் அவற்றுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆங்கிலத்தில். இன்றே வாசிக்கத் தொடங்குங்கள். இறுதி வருட ஆய்வுக்கு, இலத்திரன் நுணுக்குக்காட்டியையும் எக்ஸ்-கதிர்க் கருவியையும் தொட வாய்ப்புள்ள தலைப்பாகக் கேட்டு வாங்குங்கள். நேர்முகத் தேர்வில் அந்த அனுபவம் பேசும். ஆய்வுகூடத்தில் ஒன்றை மறவாதீர்கள்: நானோத் தூள் மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியது. முகக்கவசம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

பதுளை பசறை வீதியில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்துமுன் ஒருநாள் நேரில் போய், நானோப் பொருட்கள் எந்தப் பட்டத்தில், எந்த வருடம் வருகின்றன என்று கேட்டுவாருங்கள்.