கலப்புக் கொக்கை இனம் காணுவது எப்படி?

நெல் விதைப் பண்ணை அமைக்கும் விவசாயிகளுக்குக் கலவன் நீக்குவது பழக்கமான வேலை. வயலில் இறங்கி, பயிரின் உயரம், இலையின் நிறம், கதிரின் அமைப்பு, மணியின் வடிவம் ஆகியவற்றைப் பார்த்து வேற்று ரகப் பயிர்களைப் பிடுங்கி எறிகிறோம். சான்று விதை வயலில் 0.20 சதவிகிதத்துக்கு மேல் கலவன் இருந்தால் அந்த வயல் தள்ளுபடி ஆகிவிடும். அதே சமயம், வாய்க்கால் ஓரத்தில் உரமும் நீரும் மிகுதியாகக் கிடைத்து உயர்ந்து நிற்கும் நம் ரகத்தையே கலவன் என்று பிடுங்கினால் நஷ்டம் நமக்குத்தான். கலவனைத் தப்பவிடவும் கூடாது. நல்ல பயிரைக் கலவன் என்று சொல்லவும் கூடாது.

இந்தக் கண் பயிற்சி பறவைகளை இனம் காணவும் உதவும். இராமநாதபுரம் மாவட்டத்தில், குறிப்பாகத் தனுஷ்கோடியில், இதற்கு நல்ல பாடம் ஒன்று கிடைக்கிறது. அது கொக்குகளைப் பற்றியது.

தனுஷ்கோடியில் இரு கொக்குகள்

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் ஆழமற்ற நீர்ப்பரப்புகள் இன்று ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு இரை தருகின்றன. 2025 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு இங்கே சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பூநாரைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அதே நீரின் ஓரத்தில் இரண்டு வகைக் கொக்குகளையும் காணலாம்.

ஒன்று சின்ன வெண்கொக்கு. நம் நெல் வயலிலும் கண்மாயிலும் தினமும் காண்பது. மற்றொன்று கடலோரக் கொக்கு. இது பெரும்பாலும் உப்புநீரை விட்டு விலகுவதில்லை. இரண்டும் மிக நெருங்கிய உறவுடையவை. இவற்றை ஒரே இனமாகக் கருதிய விலங்கியல் அறிஞர்களும் உண்டு. ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளில், வழி தவறி வந்த கடலோரக் கொக்குகள் தம் இனத்துணை இன்றி, சின்ன வெண்கொக்கோடு கூடிக் குஞ்சு பொரித்தது பதிவாகியுள்ளது. ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட தோற்றத்தில் ஒரு கொக்கைக் கண்டால், இது கலப்பா என்ற கேள்வி எழுவது இயல்பே.

பெற்றோரை முதலில் அறிக

ரகத்தின் குணம் தெரியாதவர் கலவன் நீக்க முடியாது. எனவே தூய பறவைகளின் அடையாளங்களை முதலில் மனதில் பதித்துக் கொள்ளுங்கள்.

1. அலகு: சின்ன வெண்கொக்கின் அலகு மெல்லியது, நேரானது, கறுப்பு. கடலோரக் கொக்கின் அலகு சற்றுத் தடித்தது, நுனிப்பக்கம் லேசாகக் கீழ்நோக்கி வளைந்தது. நம் கரையில் இது பழுப்பு கலந்த மஞ்சளாக இருக்கும்.

2. கால்: சின்ன வெண்கொக்கின் கால் கறுப்பு, பாதம் மஞ்சள். மஞ்சள் காலுறை அணிந்தது போல் இரு நிறமும் தெளிவாகப் பிரியும். கடலோரக் கொக்கின் கால் பச்சை கலந்த பழுப்பு. பாதத்து மஞ்சள் காலின் மேலும் ஏறி மங்கி மறையும்.

3. உடல் நிறம்: சின்ன வெண்கொக்கு தூய வெள்ளை. கடலோரக் கொக்கில் இரு வடிவங்கள் உண்டு. ஒன்று கற்பலகை போன்ற கருஞ்சாம்பல் நிறமும் வெள்ளைத் தொண்டையும் கொண்டது. மற்றது முழு வெள்ளை.

இனப்பெருக்கக் காலத்தில் பிடரியில் தொங்கும் இரண்டு நீண்ட இறகுகள் இரு இனத்துக்கும் பொது. அவற்றை வைத்துப் பிரிக்க இயலாது.

ஏமாற்றும் இடங்கள்

கடலோரக் கொக்கில் சாம்பல் வடிவமும் வெள்ளை வடிவமும் தமக்குள் கூடுகின்றன. அவற்றின் குஞ்சுகளில் சில, வெள்ளை உடலில் சாம்பல் திட்டுகளுடன் இருக்கும். இது இனத்துக்குள்ளேயே உள்ள வேறுபாடு, கலப்பு அன்று. சின்ன வெண்கொக்கின் இளம் பறவைக்கும் கால் பச்சையாகவும், அலகின் அடி வெளிறியும் இருக்கும். கூடும் பருவத்தில் இரு இனத்திலும் முகத்தோலும் பாதமும் சிவப்பேறும். சேறு படிந்த கால் எந்த நிறத்தையும் காட்டும்.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு தை மாதக் காலையில் தனுஷ்கோடியில் சாம்பல் திட்டுள்ள கொக்கைக் கண்டதும் குறிப்பேட்டில் 'கலப்பு' என்று எழுதிவிட்டேன். அரை மணி நேரம் காத்திருந்த பிறகு அது கரைக்கு அருகில் வந்தது. அலகு தடித்து மஞ்சளாக இருந்தது. காலில் மஞ்சள் மேலே ஏறியிருந்தது. திட்டைத் தவிர எல்லாமே கடலோரக் கொக்கின் குணம். எழுதியதை அடித்தேன்.

வாத்தில் எளிது, கொக்கில் கடினம்

இங்கிலாந்தில் சாம்பல் வாத்தும் கனடா வாத்தும் கலப்பது உண்டு. கனடா வாத்துக்குக் கழுத்தும் அலகும் காலும் கறுப்பு, தாடையில் வெள்ளைப் பட்டை. சாம்பல் வாத்துக்கு ஆரஞ்சு அலகு, இளஞ்சிவப்புக் கால். கலப்பில் கழுத்து கறுப்பும் பழுப்புமாக இருக்கும்; தாடை வெள்ளை சிதறி முகமெங்கும் பரவும்; அலகில் கறுப்பும் ஆரஞ்சும் சேர்ந்திருக்கும். பெற்றோர் மிகவும் வேறுபட்டிருப்பதால் கலப்பு எளிதில் தெரிகிறது. கொக்கிலோ பெற்றோர் ஒத்த தோற்றமுடையவர்கள். ஒருவர் தமக்குள்ளேயே பல நிறம் காட்டுபவர். ஆகையால் இங்கு நிதானம் அதிகம் வேண்டும். முதல் தலைமுறைக் கலப்பு மீண்டும் ஒரு பெற்றோர் இனத்துடன் கூடினால், பிறக்கும் குஞ்சைத் தூய பறவையிலிருந்து பிரிப்பது மேலும் கடினம்.

களத்தில் செய்ய வேண்டியவை

* சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்று பாருங்கள். எதிர்வெயிலில் வெள்ளையும் சாம்பலாகத் தெரியும்.

* அலகின் தடிமன், வளைவு, நிறம், காலின் நிறம், மஞ்சள் முடியும் இடம், உடல் நிறம் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். முடிவைக் கடைசியில் எழுதுங்கள்.

* அருகில் நிற்கும் தூய பறவையோடு ஒப்பிடுங்கள்.

* ஒரே குணம் மாறியிருந்தால் கலப்பு என்று கொள்ளாதீர்கள். இரு பெற்றோரின் குணங்களும் பல உறுப்புகளில் கலந்து தெரிந்தால் மட்டும் 'கலப்பாக இருக்கலாம்' என்று எழுதுங்கள். பக்கவாட்டில் எடுத்த படம் சான்றாகும்.

* பிடித்துப் பார்க்க முயலாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இதைத் தடை செய்கிறது.

வனத்துறை குளிர்காலத்தில் நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நீங்கள் தரும் செய்தியும் சேரலாம். அவசரத்தில் எழுதிய ஒரு 'கலப்பு', இயல்பான கடலோரக் கொக்கு ஒன்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். வயலிலும் பொறுமையின்றிப் பிடுங்கிய பயிரை மீண்டும் நட முடியாது. ஆகவே அடுத்த முறை கண்மாய்க் கரையிலோ கடற்கரையிலோ நிற்கும்போது, கொக்கின் அலகையும் காலையும் ஐந்து நிமிடம் பாருங்கள். விதை வயலில் பழகிய கண் உங்களுக்கு உண்டு. அதை இங்கும் பயன்படுத்துங்கள்.